எழுநூறில் ஒன்று

பினாங்கு மச்சான் அனுப்பிய பெட்டியில்
துண்டு துண்டாய் ஒரு ஜப்பான் போர்க்கப்பல்.
கடுகளவு பீரங்கியைப் புருவ இடுக்கியால் எடுத்து
மூச்சடக்கி ஒட்டுகிறேன்.
ஐப்பசி. முத்துப்பேட்டையில் பெயின்ட் காய மூன்று நாள்.

கொடிமரம் கைதவறித் தரையில் விழுந்தது.
டார்ச்சடித்தும் கிடைக்கவில்லை.
துடைப்பக்குச்சியைச் சீவி நட்டேன்.

அடிப்பாகமே கிடையாது இதற்கு,
நீர்க்கோட்டோடு வெட்டிவிட்டார்கள்.
மேசைக் கண்ணாடிதான் கடல்.

மூழ்கிய தேதி குறிப்புத்தாளில் இருக்கிறது,
எத்தனை பேரோடு என்று இல்லை.
எழுநூறில் ஒரு பங்காக்கினால்
ஆள் ஒரு குருணை உயரம்.
அரிசி டின்னில் கைவிட்டு அளைந்தேன்,
பிறகு மூடிவிட்டேன்.

கோரையாறு உடைத்துக்கொண்டு வாசலேறிய இரவு
வீட்டுப் பத்திரத்துக்கும் முன்னால்
கப்பலைத் தூக்கிப் பரணில் வைத்தேன்.
முழங்கால் தண்ணீரில் நின்று சபுரா கேட்டாள்:
"ஏன், அது மிதக்காதா?"