மூன்றாவது கை

ஒரு மாட்டுக்கு ஒரு நாளில் மூன்று கை.
அதற்குமேல் விடமாட்டார் மிஸ்.
குடற்சுவர் மெல்லியது,
நீங்கள் மறந்தாலும் அது மறக்காது என்பார்.
அன்றைக்கு முதற்கை கஜீபன். இரண்டாவது டிலக்சி.
மிஞ்சியது நான்.

கனகராயன்குளத்தில்
தவமலர் அக்காவின் பட்டி.
பாலைத்தடி நட்டுக் கட்டிய நெருக்குக் கூட்டுக்குள்
ஏ-ஒன்பது நிற்கிறாள்.
கன்றாய் இருந்தபோது நடுவீதியில் படுத்து
யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸைக்
கால்மணித்தியாலம் மறித்தவளாம்.
பெயர் அப்படி வந்தது.

வகுப்பில் எல்லாம் இலகுவாயிருந்தது.
உரச்சாக்குக்குள் சைக்கிள் ரியூப்பை
இரண்டு கொம்பாய் வளைத்து
நுனிக்கொரு புளியங்கொட்டை வைத்துத் தைத்திருக்கும்.
கண்ணைக் கட்டிக்கொண்டு தடவுவோம்.
கொட்டை அகப்பட்டால் "சூலகம், மிஸ்!"
கைதட்டல்.
சாக்கு மூச்சு விடாது. வாலால் அடிக்காது.
சாக்குக்கு விற்பனை விலை கிடையாது.

கஜீபன் தோள்வரை போய் வந்தான்.
"சினை இல்லை, மிஸ்."
டிலக்சி நெடுநேரம் கண்ணை மூடி நின்றுவிட்டு
"ஒண்டும் தட்டுப்படேல்லை" என்றாள்.
வேலிக்கரையில் வாளியோடு நின்ற தவமலர் அக்கா
யாருக்கென்று இல்லாமல் சொன்னார்:
"மூண்டுதரம் ஊசி போட்டாச்சு. காசும் போச்சு.
திங்கக்கிழமை வவுனியாவிலயிருந்து ஆள் வருது,
நல்ல விலைதான் சொன்னது."
என்ன ஆள் என்று நாங்கள் கேட்கவில்லை.
ஏ-ஒன்பது சாணி போட்டாள்.

சவர்க்காரத் தண்ணி, நீளக் கையுறை,
ஐந்து விரலையும் கூம்பாய்க் குவித்து
உள்ளே.
சூடு. குறிப்புப் புத்தகத்தில் இல்லாத சூடு.
உடனே குடல் அலையாய் வந்து
மணிக்கட்டை நெரித்தது.
"இழுக்காதை. தள்ளாதை. நில்."
நின்றேன்.
விரல் மரத்தது. காதோரம் ஒரு இலையான்.
என் கன்னம் அவளின் தொடையில் ஒட்டியிருக்க
அவள் அசைபோடுவது
என் பல்லுக்குள் கேட்டது.

அலை விட்டது.
இடுப்பெலும்பின் விளிம்பு, சரி.
கருப்பையின் கழுத்து, கோழிக்கழுத்து மாதிரி, சரி.
அதற்கப்பால் ஏதாவது இருக்கவேண்டிய இடத்தில்
பள்ளம்.
சினை இல்— என்று வாய் தொடங்கிவிட்டது.

ஆனால் கழுத்து ஏன் இப்படி
முன்னுக்கு இழுபட்டுக் கிடக்கிறது,
கிணற்றுக்குள் விட்ட கயிறுபோல?
வாளியில் தண்ணி இல்லாவிட்டால்
கயிறு இப்படி விறைக்குமா?

பக்கச் சுவரில் விரலைப் படுக்கவைத்தேன்.
பென்சில் தடிப்பில் ஒரு நாளம்.
அழுத்தினால் வெறும் நாடி.
தளர்த்தினால்
சத்தம் குறைத்த போன் பைக்குள் அதிருமே,
அது.

"நாலு மாதம், மிஸ்... நாலரை... மாதம் தெரியேல்லை.
ஆனா சினைதான்."

எங்களைவிட ஐந்து வயதுதான் கூட, மிஸ்ஸுக்கு.
கையுறைப் பெட்டியைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார்.
மூன்று முடிந்திருந்தது.
"அடுத்த கிழமை வந்து நான் பாக்கிறன்.
இப்ப நீ எழுது. கீழை உன்ரை பேரையும்."
கஜீபன் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தான்,
ஏற்கெனவே கழுவிய பூட்ஸை.
சினை, இரண்டே எழுத்து.
பேனை மூன்றுதரம் வழுக்கியது.

தவமலர் அக்கா அட்டையை வாசித்தார்.
"பிழைச்சா?"
கோபமில்லை, அரிசி விலை விசாரிப்பதுபோலக் கேட்டார்.
என்னிடம் மறுமொழி இல்லை.
மிஸ்ஸும் எடுத்துத் தரவில்லை.
கொஞ்ச நேரத்தால் வீட்டுக்குள்ளிருந்து கேட்டது:
"இந்தத் திங்கள் வேண்டாம் தம்பி,
அடுத்த கிழமை பாப்பம்."

நாலுதரம் கழுவியும் கையில் மணம் போகவில்லை.
பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க இடதுகை உயரவில்லை.
முறிகண்டியில் ஆட்கள் கச்சான் வாங்க இறங்க
ஒரு இருக்கை கிடைத்தது.

பைக்குள் போன் அதிர்ந்தது.
அம்மாவாய் இருக்கும்.
எடுக்கவில்லை.
துணிக்கு மேலால் கையை வைத்துக்கொண்டு
அது ஓயும்வரை
இருந்தேன்.