மூன்றாவது பொத்தான்

பேட்டரி செத்துவிடக் கூடாதென்று
ஞாயிறு விடியலில்
ஷோரூம் போர்ஷேயை ஓசூர் ரோட்டில் ஓட்டுவது
என் வேலை.
வேகத்தடையில் நண்டுபோலக் கோணலாக ஏறி இறங்குவேன்.
அடி உரசினால் மூன்று மாதச் சம்பளம்.

சில்க் போர்டு சிக்னலில்
பால்வண்டிக்காரன் குனிந்து கேட்டான்:
"மைலேஜ் எஷ்டு சார்?"
"ஆறு."
பாவம் என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனான்.

இருக்கைக்கு மூன்று பொத்தான்கள்.
ஒன்று, கம்பெனியை மூடிவிட்டு
இதை எங்களிடம் விட்டுப்போன தேஷ்பாண்டே:
அழுத்தினால் பின்னால் போய்ச் சாய்ந்துகொள்ளும்.
இரண்டு, அவர் மனைவி.
மூன்று காலியாக
இருந்தது.

நாளை டெலிவரி.
வாங்குகிறவர் என்றாவது கைதவறி
மூன்றைத் தொடுவார்.
ஓடும் காரில் அவரை மெல்ல முன்னால் தள்ளி,
கொஞ்சம் உயர்த்தி,
ஐந்தடி மூன்றங்குலத்தில்
நிறுத்தும்.