பதிமூன்றாம் நாள்

சுண்டெலிக் கருவுக்குப் பதிமூன்றாம் நாள்.
தாடைக்கடியில் உமிழ்நீர்ச் சுரப்பி,
சுரக்க இன்னும் எதுவும் இல்லாமல்:
ஒரு காம்பு, நுனியில் ஒரு மொட்டு,
கசகசாவில் பாதி.

வடவள்ளி போகும் வழியில் ஆய்வகம்.
ஜன்னலுக்கு வெளியே மருதமலையில் மழை இறங்குகிறது.
நுண்ணோக்கியில் கண்ணை வைத்து
மொட்டை அதன் இடைத்திசுவிலிருந்து
இரண்டு ஊசிகளால் உரிக்கிறேன்.
உரித்த மொட்டு ஜெல்லில் கிடக்கும்,
வழி கேட்க ஆளில்லாத முக்கில்
பஸ் இறங்கியவன் போல.
கிளைக்காது.

மூன்று வருடமாய் இதைத்தான் பார்க்கிறேன்.
கிளைப்பது மொட்டு.
கூப்பிடுவது பக்கத்தில் இருப்பது.

எஃப்ஜிஎஃப் பத்து என்று பெயர் அந்தக் கூப்பாட்டுக்கு.
ஒரு மணியை அதில் ஊறவைத்து அருகில் வைத்தால்
இரண்டு இரவுக்குள் மணியின் பக்கம்
நீண்டு திரும்பியிருக்கும் காம்பு.
எங்கள் சீமையில் மூலக்கூறுகூட
வா என்று சொல்லாது போல.
வாங்க என்கிறது.
அதிகம் கேட்ட செல்லே உள்ளுக்குள்
போதுங்க-வையும் செய்துகொள்கிறது,
பந்தியில் இலைக்குமேல் கையைக் குறுக்கே நீட்டுவதுபோல.
மொட்டின் நெற்றியில் ஒரு பள்ளம் விழும்.
ஃபைப்ரோநெக்டின் அதில் ஆப்பாய் இறங்கும்.
ஒன்று மூன்றாகும்.
மறுநாள் எண்ணினால் கணக்குத் தப்பும்.

ஒன்பது மணிக்குச் சோமனூரிலிருந்து கூப்பிடுவார்
பெரியப்பா மகன் பொங்கியண்ணன்.
பின்னால் பன்னிரண்டு தறி.
முப்பத்துமூன்று முறை கதிர் வாங்கிய கழுத்து;
கட்டி போனது, கூடவே எச்சிலும்.
அரிசிம்பருப்பைக்கூட மோரில் கரைத்துத்தான் விழுங்குகிறார்.
நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம்
தறிச்சத்தத்தையும் மீறி எனக்குக் கேட்கும்.

"ஏனம்மிணி, எலிக்கு எச்சி ஊறுச்சா?"

"இன்னும் இல்லீங்ண்ணா. மொட்டுத்தான்."

"மெதுவா ஊறட்டும். நா எங்க போறேன்."

எலிக்கு ஊறினாலும்
அங்கிருந்து அவர் நாக்குக்கு எத்தனை வருடம்
என்று அவர் கேட்டதில்லை.
நானும் பேச்சை மாற்றி
நூல் விலை கேட்பேன்.

பதினொன்றுக்கு இன்குபேட்டரைத் திறந்தேன்.
மணி வைத்த தட்டில் எதிர்பார்த்ததே நடந்திருந்தது.
மணி வைக்காத ஏழாவது தட்டில்,
கிளைக்கக் கூடாத மொட்டில்,
ஓர் ஓரம் மட்டும் கவைவிட்டிருந்தது.
உற்றுப் பார்த்தேன்:
என் ஊசிக்குத் தப்பி
ஒட்டிக்கொண்டிருக்கிறது இடைத்திசுவில் ஒரு துணுக்கு.
அவ்வளவு சின்னது.
அதுவே கூப்பிட்டிருக்கிறது இரவெல்லாம்.

பதிவேட்டில் எழுதினேன்:
ஏழு, சரியாகப் பிரிக்கவில்லை, கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எழுதி முடிக்கையில்
என் வாயில் ஊறியிருந்ததை
விழுங்கினேன்.
விழுங்கியது தெரிந்தது.