கல் எடை கழிவு

லாரன்ஸ் ரோட்டில் மாடியில் அடகுக் கிளை.
என் வேலை உரசுவது, நிறுப்பது, கழிப்பது.
மொத்த எடையில் கல் எடை போக
மீதிக்குத்தான் பணம்.

செவ்வாய்க்குப் பவளம், நூற்றெண்பது மில்லி, கழிவு.
புதனுக்குப் பச்சை, கழிவு.
காக்கைக்கால் விழுந்த வைரம் குடியைக் கெடுக்கும் என்று
மாமியார் வீட்டில் ஒதுக்கிவைத்த மூக்குத்தி.
கொண்டுவந்தவள் குடி
அதை அணியாமலே கெட்டிருந்தது.
அதுவும் கழிவு.
சுவாதி மழையில் ஒரு துளி
சிப்பிக்குள் விழுந்தால் முத்து என்றேன் ஒருத்தியிடம்.
"எங்க கூரையில ஒழுகுனதெல்லாம்
குண்டான்ல பிடிச்சோம் மேடம், தண்ணிதான்" என்றாள்.

தடைக்காலத்தின் இருபதாம் நாள்
தாழங்குடாவிலிருந்து கலியவரதன் வந்தார்.
சோப்பு போட்டும் மோதிரம் வரவில்லை.
வலைநூலை விரலில் நெருக்கிச் சுற்றி
அவரே உருவி எடுத்தார்.
ஏழரை வருஷம் வெயில் படாத தோல்
விரலில் இன்னொரு மோதிரமாய் வெளுத்துக் கிடந்தது.

நீலம்.
வாங்கியபோது மூன்று ராத்திரி
தலையணைக்கடியில் வைத்துப் பார்த்தாராம்.
கெட்ட கனவு வந்தால் திருப்பித் தரலாம் என்று பேச்சு.
"கட்டுமரம் ஒண்ணு கரையேறுது. ஆள் இல்ல அதுல.
நல்லதா கெட்டதான்னு
கேக்காம விட்டுட்டேன்."

லென்ஸைக் கண்ணில் வைத்தேன்.
நீலத்தின் நடுவே
கடுகை விடச் சிறிதாய், உருண்டையாய்,
ஒரு காற்றுக்குமிழி.
மண்ணுக்குள் விளைந்த கல்லில் அப்படி இருக்காது.
உலையில் கண்ணாடி ஆறும்போது
வெளியேற மறந்த மூச்சு அது.

எனக்கு எந்தக் கல்லும் கிடையாது.
மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில்
ஒரு புயல் ராத்திரி பிறந்தேன்.
கரண்ட் இல்லை, கடிகாரம் பார்த்தவர் யாருமில்லை.
அம்மா அழுதாள் என்பதற்காக
நர்ஸ் ஒருத்தி மூன்று பத்து என்று எழுதிக் கொடுத்தாள்.
அந்த மூன்று பத்தை வைத்து
இரண்டு ஜோசியர்கள் இரண்டு லக்கினம் குறித்தார்கள்.
மாணிக்கம் போடு என்றார் ஒருவர்.
தொடவே தொடாதே என்றார் மற்றவர்.

"கல்லுக்கு எவ்வளவும்மா?"
கல்லுக்குக் கிடையாதுங்க.
"காசு வேணாம். இருக்குன்னாவது எழுதுங்க.
தொலைஞ்சா சனி என்னையத்தான் கேப்பாரு."

ரசீதில் அதற்குக் கட்டம் இல்லை.
குமிழியைச் சொல்ல வாயெடுத்தேன்.
அந்த ஏழரையில்
படகு ஒருமுறைதான் கவிழ்ந்தது என்றார்,
பையன் நீந்தியே வந்துவிட்டான் என்றார்.

ரசீதைத் திருப்பி
நீலம் ஒன்று என்று எழுதி
முத்திரை குத்தினேன். தேதி போட்டேன்.
நேரமும் போடச் சொன்னார்.
கடிகாரம் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது.
திரும்பிப் பார்க்காமல் எழுதினேன்.