வடிகால் காரணங்களுக்காக

தாளில் அது நன்றாகத்தான் இருந்தது.
ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுக்குப் போகிற தெருவில்
பால் சேகரிக்கும் நிலையம்.
கறப்பது ஐந்தரைக்கு,
பவுசர் வருவது பத்துக்கு.
இடையில் உள்ள நாலரை மணித்தியாலத்துக்கு
மின்சாரத்தை நம்ப முடியாது.
நிலத்தை நம்பினேன்:
ஐந்தடி கீழே ஓர் அறை, கூரையில் மண், மண்ணில் புல்,
இறங்க ஒன்பது படி.

கச்சான் காற்று வரைபடத்தில் புழுதி கொட்டியது.
மேசன் அரியகுட்டி அதை ஊதிவிட்டுச் சொன்னார்:
"ரெண்டடி செம்மண். பிறகு கிரவல்.
நாலாம் அடியில வெள்ளைக் களி, மாரிக்கு ஊறும்."
மண் பரிசோதனை அறிக்கை
மூன்று கிழமை கழித்து வந்தது.
அதிலும் இதேதான், இலக்கங்களோடு.

எப்படித் தெரியும் என்று நான் கேட்டிருக்கக் கூடாது.

தாச்சியைக் கவிழ்த்து அதில் இருந்த தவரூபி கேட்டாள்:
"படி நேரா இறங்குதோ, திரும்புதோ?"
திரும்பும், வெயில் உள்ளே விழாமல்.
"எல் மாதிரி."
ஓம், எல் மாதிரி.
"மேல பனங்குத்தியோ?"
இல்லை, கொங்கிறீற் என்றேன்,
அவள் எதைக் கேட்கிறாள் என்று
வாய் மூடிய பிறகே விளங்கிற்று.

மறுநாள் மண்வெட்டிகள் சாய்த்தபடி இருந்தன.
ஒருவரும் வரவில்லை.

பின்னேரம் குளக்கட்டில் நடந்தேன்.
கட்டின் நிழற்பக்கம் முதுகைக் கொடுத்து
ஏழெட்டு மாடுகள் அசைபோட்டுக்கொண்டு கிடந்தன.
குனிந்து புல்லுக்கடியில் கையை வைத்தேன்.
குளிர்ந்தது.
ஆரும் இங்கே தோண்டி இறங்கவில்லை,
மண்ணைச் சுமந்து ஏற்றியிருக்கிறார்கள்.

அன்றிரவே கோடுகளை அழித்தேன்.
தரை, தெருவிலிருந்து ஓரடி உயரம்.
மேற்கிலும் தெற்கிலும் சுவரோடு அணைத்துக்
கட்டுப்போல மண்சரிவு, அடியில் அலைகல்.
வாசல் ஒன்றுக்கு இரண்டு, எதிரெதிரே,
எங்கே நின்றாலும் வானம் தெரிகிற மாதிரி.
எழுபது லோட் கிரவல் கூடுதல்.
ஏன் என்று சங்கத்துச் செயலாளர் கேட்டார்.
படிவத்தில் எழுதினேன்: வடிகால் காரணங்களுக்காக.
களி ஊறும், பொய்யில்லை.

வெளியே முப்பத்தைந்து, உள்ளே இருபத்தெட்டு.
கீழே போயிருந்தால் இருபத்தாறு வந்திருக்கும்.
அந்த இரண்டு பாகைக்காக
கான்களுக்கு நனைந்த சாக்குச் சுற்றுகிறோம்.

சித்திரை முடிகிறது, பால் இன்னும் திரையவில்லை.
தவரூபி ஒரு வாசலால் கானோடு வந்து
மற்ற வாசலால் வெறுங்கையோடு போகிறாள்,
போகிற போக்கில்
"கூரையில ஆரின்ர ஆடு?" என்று கத்திக்கொண்டு.