வராத வண்டிக்கு எழுதிய குறிப்புகள்

டண்டீ நகரில், மழை விடாத ஒரு நவம்பரில்
நான் ஒரு கடை கட்டினேன்.
கதவில்லை, கல்லாவில்லை,
அழுகிப்போக ஒரு தக்காளிகூட இல்லை.
எழுநூற்றுப் பன்னிரண்டு படங்கள்,
ஒவ்வொன்றின் கீழும் ஒரு விலை.
வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மட்டும்
உப்பு, சர்க்கரை, கொழுப்பு மிகுந்தவற்றின் ஓரத்தில்
சிவப்பாய் ஒரு பொட்டு தெரியும்.

பொட்டைக் கண்டால் கை பின்வாங்குமா?
அவ்வளவுதான் கேள்வி.
அதற்கு மூன்றாண்டு நிதி.

ஆளுக்கு அறுபது பவுண்டு, பொய்ப்பணம்.
'வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு வாங்குவதுபோல் வாங்குங்கள்.
பொருள் எதுவும் வந்து சேராது.'
முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டிருந்தோம்.

பொய்ப்பணம்தானே, அள்ளுவார்கள் என்று நினைத்தேன்.
எண் 88
ராஸ்பெர்ரிப் பெட்டியைக் கூடையில் போட்டார்,
எடுத்தார், போட்டார், எடுத்தார்.
கடைசியில் வாங்கியது டின்னில் அடைத்த பீச்.
மொத்தச் செலவு நாற்பத்தொன்று.
மீதிப் பத்தொன்பதை
யாருக்கு மிச்சம் பிடித்தார், தெரியாது.

எண் 203 பூனைத் தீனி தேடினார்.
எங்கள் கடையில் பூனைக்கு ஒன்றுமில்லை.
மூன்று விதமாய் எழுத்துக்கூட்டித் தேடிவிட்டு
சூரை மீன் ஆறு டின் எடுத்துக்கொண்டார்.
எங்கள் கணக்கில் அவர் மீன் பிரியர்.

பிழை என்னுடையது.
இரவல் வாங்கிய நிரல்; கடைசிப் பக்கத்தில்
ஒரு கட்டத்தை நீக்க மறந்திருந்தேன்.
'வண்டிக்காரருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா?'

நானூற்று ஆறு பேரில்
முப்பத்தொன்பது பேர் சொல்லியிருந்தார்கள்.

மணி அடிக்காது. கதவைத் தட்டுங்கள். பலமாக.

பதினோராவது மாடி. லிஃப்ட் நாறும், மன்னிக்கவும்.

நாய் குரைக்கும். பல் கிடையாது.

செவ்வாய் வேண்டாம், செவ்வாய் டயாலிசிஸ்.

முட்டை உடைந்திருந்தாலும் பரவாயில்லை,
திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள்.

யாரும் வரமாட்டீர்கள் என்று தெரியும்.
ஒருவேளை வந்தால், ஒரு வாய் தேநீர்
குடித்துவிட்டுப் போகலாம். இஷ்பெல்.

பேராசிரியர் ரோனா பட்டுல்லோ படித்தார்.
கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.
'பெயர் இருக்கிறது, மாடி இருக்கிறது, நோய் இருக்கிறது.
இதற்கு யாரிடமும் ஒப்புதல் வாங்கவில்லை நாம்.
இந்தப் பத்தியை அழித்துவிடு.'

சரிதான்.
மாலைவரை தள்ளிப்போட்டேன்.
டே ஆற்றுப் பாலத்தில் விளக்கெரிந்த பிறகு அழித்தேன்.
பக்கத்துப் பத்தி நகர்ந்துவந்து
இடத்தை மூடிக்கொண்டது.

முடிவு நல்ல முடிவு.
பொட்டு வேலை செய்கிறது, நூற்றுக்கு ஒன்பது.

பிப்ரவரியில் இரண்டாம் சுற்று. அதே ஆட்கள், அதே கடை,
கட்டம் மட்டும் இல்லை.
பத்தி போனாலும் எண் மனசில் தங்கிவிட்டது, 140.
போன முறை வாங்கியது எல்லாம் அப்படியே:
பருப்பு, கேரட், பாதி ரொட்டி, பால் ஒன்று.
பால் இரண்டாகியிருந்தது.
ஷார்ட்பிரெட் ஒரு பொதி, புதிது.
ஓரத்தில் பொட்டு.
சுட்டி அதன்மேல் ஐந்து விநாடி நின்றிருக்கிறது.
பிறகு கூடை.

கடைசிப் பக்கத்தில் நாற்பது விநாடி.
மேலே உருட்டியிருக்கிறார், கீழே,
மறுபடி மேலே.