கீழேர்ந்து வாங்க

காலை எட்டேகாலுக்கு
தருமபுரி ஆஸ்பத்திரி மூன்றாம் மாடியில்
ஐந்து கட்டில்களுக்கு எண் ஒட்டினோம்.
மாதேஷுக்கு நான்கு.
நோயின் பெயரை மட்டும் சொல்லிவிடாதே
என்ற நர்ஸிடம்
"தெரியும்க்கா, போன வருசமும் நான்தான்" என்றான்.

ஒன்பது வயது. ஆறு வயதின் உயரம்.
மூன்று வாரத்துக்கொருமுறை ரத்தம் ஏற்ற வருகிறவன்.
நாட்றாம்பாளையத்திலிருந்து இருட்டோடு பஸ் ஏறி
பென்னாகரத்தில் மாறி வந்த களைப்பில்
கெம்பம்மா கட்டில்காலில் சாய்ந்து தூங்கினாள்.

என் கையில் தாள், தாளில் கட்டங்கள்.
பேர் சொல்லி அறிமுகம் செய்தாரா
கை கழுவினாரா
கையைச் சூடாக்கிக்கொண்டாரா
தொடும்போது குழந்தையின் முகத்தைப் பார்த்தாரா.
ஒவ்வொன்றுக்கும் அரை மதிப்பெண்.
அரைக்குக் கீழே அளக்க எங்களிடம் ஏதுமில்லை.

ஜெஸ்லின், மார்த்தாண்டத்துப் பெண்.
எழுப்பி உட்காரவைத்த கெம்பம்மாவின் கன்னடம்
அவளுக்கு எட்டவில்லை.
அவள் தமிழ் கெம்பம்மாவுக்கும்.
நடுவில் மாதேஷ்தான் இரண்டு பக்கமும் பேசினான்.
தான் பிறந்த எடையை,
முதல்முதல் வெளுத்துப்போன மாதத்தை,
தனக்கு முன் பிறந்து இறந்த அக்காவை
அவனே மொழிபெயர்த்தான்.
"அம்மாவோட மாமாதான் அப்பா."
இது அவள் கேட்பதற்கு முன்பே.

பிறகு வயிறு.
கையை உரசிச் சூடாக்கி (அரை மதிப்பெண்)
நேராக இடது விலாவின் ஓரத்தில் வைத்தாள்.
பேனா மூடியைத் திறந்தேன்.
மண்ணீரல் தொப்புளைத் தாண்டி இறங்கிய பிள்ளைக்கு
அங்கே தொடங்கினால் விளிம்பு அகப்படாது.
வயலுக்குள் நின்றுகொண்டே வரப்பைத் தேடுகிற கதை.

மாதேஷ் மின்விசிறியைப் பார்த்தபடியே
அவள் மணிக்கட்டைப் பிடித்து
வலது இடுப்பெலும்பு வரை நகர்த்தினான்.
"கீழேர்ந்து வாங்கக்கா."
யாரும் கேட்காமலே
மூச்சை ஆழ இழுத்துக் கொடுத்தான்.

மதுரையிலிருந்து வந்திருந்த வெளித்தேர்வாளர்
அந்நேரம் மூன்றாம் கட்டிலில் இருந்தார்.
வந்தார். "விளிம்பு?"
"தொப்புளுக்குக் கீழே ரெண்டு விரல் சார்."
"சரி. ஏம்மா கீழேர்ந்து ஆரம்பிச்சே?"

பதில் பாடப்புத்தகத்தில் இருக்கிறது,
மூன்று வரிதான், அவளுக்கு மனப்பாடமாகவும் இருக்கும்.
"இவன் சொன்னான் சார்."

அதற்குக் கட்டம் இல்லை.
கூட்டுவதா கழிப்பதா என்று அவரைப் பார்த்தேன்.
அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
"உங்க ஆஸ்பத்திரி, நீங்களே போடுங்க" என்றார்.
ஒன்றரை போட்டேன்.
அடித்து, ஒன்று போட்டேன்.
அடித்த இடத்தில் கையெழுத்தும் போட்டேன்.

பன்னிரண்டரைக்கு உறைமேல் அரக்கு.
திரும்பிப் பார்த்தால்
நான்காம் கட்டிலில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது.
மற்ற நாளில் பை வந்துசேர
சாயங்காலம் நாலாகும், சமயத்தில் மறுநாளாகும்.

கெம்பம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து
என்னிடம் ஏதோ கேட்டாள்.
மாதேஷ் வாய் நிறைய பிஸ்கட்டோடு சொன்னான்:
"அடுத்த பரிட்சை எப்பன்னு கேக்குது."